தண்ணி வடிஞ்சிடுச்சு, ஆனா வீடு காயலையே! - வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஈரத்தப் பத்திதான். வெள்ளம் புகுந்த கட்டடத்த காய வைக்கற வேலையிலயே இருக்கறதால, மத்த கேள்விகள அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதுக்கு மட்டும் பதில் எழுதுறேன்.

சார், வேளச்சேரில எங்க வீடு தரைத்தளம். முழங்கால் அளவு தண்ணி ரெண்டு நாள் நின்னுச்சு. வாளில மொண்டு கொட்டி, கழுவி விட்டு, ராத்திரி பகலா ஃபேன் ஓடி மூணு வாரம் ஆகப்போகுது. தரை காஞ்சிடுச்சு. ஆனா உள்ள நுழைஞ்சாலே மக்கின வாடை, சுவத்துல கீழ் பக்கம் பெயின்ட் கொப்பளிச்சு வருது. பட்டி பாத்து ரெண்டு கோட் அடிச்சிட்டா பொங்கலுக்கு பளிச்சுனு ஆயிடும்னு பெயின்டர் சொல்றார். அடிக்கலாமா? - வேளச்சேரி வாசகி

இப்ப அடிக்காதீங்கம்மா. இந்தப் பொங்கலுக்கு சுவர் அசிங்கமா இருந்துட்டுப் போகட்டும், இப்ப பட்டி பாத்து மூடினீங்கன்னா சித்திரைக்குள்ள அதே இடத்துல மறுபடியும் உரியும், அதுவும் இன்னும் அரையடி மேல ஏறி உரியும்.

வீட்டுக்குள்ள வர்ற வெள்ளத்துல நீங்க வாளில மொண்டு வெளிய கொட்டினது ஒரு பங்கு, செங்கல்லும் பூச்சும் தரைக்கு அடியில இருக்கற மண் ஃபில்லிங்கும் குடிச்சு வச்சிருக்கறது இன்னொரு பங்கு. இந்த ரெண்டாவது பங்குதான் இப்ப வாடையா வருது. தண்ணி நின்ன கோட்டோட ஓதம் நிக்காது, செங்கல்லுல இருக்கற நுண்ணிய துளை வழியா உறிஞ்சிக்கிட்டு மேல ஏறும், ஒரு அடி ஒன்றரை அடி ஏறுறது ரொம்ப சாதாரணம். மேல அக்ரிலிக் எமல்ஷனும் பட்டியும் இருக்கற சுவருன்னா உள்ள இருக்கற ஈரம் வெளிய வர வழியில்லாம பெயின்டத் தள்ளுது, அதான் கொப்பளம்.

இதையே தொழிலா செய்யறவங்க முதல்ல பாக்கறது எவ்வளவு தண்ணிய தண்ணியாவே எடுக்க முடியும்ங்கறதத்தான். வெட் வேக்யூம்னு ஒரு மெஷின், தரை இடுக்கு, டைல்ஸ் ஜாயின்ட், ஸ்கர்ட்டிங் ஓரம்னு விடாம உறிஞ்சி எடுக்கும், ஏன்னா அப்படி எடுக்கற ஒவ்வொரு லிட்டரும் அப்புறமா ஆவியாக்கி எடுக்க வேண்டாத லிட்டர், அந்த ஒரு மணி நேர வேலை பல நாள் காத்திருப்ப மிச்சப்படுத்தும். அதுக்கப்புறம்தான் காத்து. நீங்க ஓட்டினது சீலிங் ஃபேனா இருக்கும்னு நெனக்கிறேன். அது காத்த நடு ரூம்ல கீழ தள்ளும், ஈரம் இருக்கறதோ சுவத்தோட அடிப்பக்கம். அதனால அவங்க ஏர் மூவர்ங்கற ப்ளோயர தரையிலயே வச்சு, சுவருக்கு நேரா இல்லாம கொஞ்சம் சாய்வா, காத்து சுவர ஒட்டியே ஓடற மாதிரி திருப்பி வைப்பாங்க. பெடஸ்டல் ஃபேன முழுசா இறக்கி தரையோட வச்சு அதே மாதிரி நீங்களும் செய்யலாம்.

ஆனா காத்து மட்டும் போதாது, இதத்தான் நம்ம ஊர்ல நிறைய பேரு கவனிக்கறதில்ல. சுவத்துல இருந்து கிளம்பின ஈரம் எங்க போகும்? கார்த்திகை மார்கழில சென்னைக் காத்துலயே ஈரப்பதம் 80 சதவீதம் பக்கம் இருக்கற நாள் நிறைய. அப்படிப்பட்ட நாள்ல ஜன்னலத் தொறந்து வச்சா வெளி ஈரம் உள்ள வரும். அதனாலதான் ரூம மூடி டீஹியூமிடிஃபயர் போடறாங்க, அது காத்த இழுத்து குளிர்ந்த குழாய்ச் சுருள்ல பட வச்சு ஈரத்த தண்ணியா மாத்தி வாளில இறக்கும். காத்துல எவ்வளவு ஈரப்பதம்னு காட்டற ஹைக்ரோமீட்டர்னு ஒரு சின்ன கருவி கொஞ்ச விலையில கிடைக்குது, ரெண்டு வாங்கி ஒண்ண உள்ளயும் ஒண்ண வெளியிலயும் வைங்க. வெயிலடிச்சு வெளி அளவு உள்ள இருக்கறத விட நல்லா குறைஞ்சா ஜன்னலத் தொறங்க, இல்லன்னா மூடிட்டு டீஹியூமிடிஃபயர வாடகைக்கு எடுத்து ஓட்டுங்க. உள்ள 50 சதவீதம் பக்கம் கொண்டு வரப் பாருங்க.

இப்ப சுவத்துக்கு வர்றேன். கொப்பளிச்ச பெயின்டையும் பட்டியையும் ஓதம் தெரியற இடத்துக்கு மேல இன்னும் ஒன்றரை அடி வரைக்கும் சுரண்டி எடுத்திடுங்க, பூச்சு மூச்சு விடட்டும். ஸ்கர்ட்டிங் டைல தட்டிப் பாருங்க, டொக்கு டொக்குனு சத்தம் வந்தா பின்னாடி தண்ணி நிக்க வாய்ப்பிருக்கு, பேத்துடுங்க. வெள்ளையா உப்பு பூத்திருந்தா காஞ்ச ப்ரஷ்ஷால தேய்ச்சு வாரிக் கொட்டணும், தண்ணி ஊத்தி கழுவினீங்கன்னா உப்பு கரைஞ்சு மறுபடி உள்ளயே போயிடும். ரூமுக்குள்ள இருந்து வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடிக்கலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, உள்ள இருக்கற ஈரம் வழி தேடி இன்னும் மேல ஏறும்.

எப்ப காஞ்சுதுன்னு எப்படித் தெரியும்? கையால தொட்டுப் பாக்கறது கணக்கே இல்ல. ஒன்றரை அடி சதுரத்துக்கு தடிமனான ப்ளாஸ்டிக் ஷீட்ட தரையில வச்சு நாலு பக்கமும் டேப் போட்டு இடைவெளி இல்லாம ஒட்டிடுங்க, குறைஞ்சது 16 மணி நேரம் கழிச்சு எடுத்துப் பாருங்க. அடியில முத்து முத்தா தண்ணியோ, தரை நிறம் கருத்தோ இருந்தா இன்னும் காயல. கான்கிரீட் தளத்துக்குன்னே இருக்கற பழைய சோதனை இது, சுவத்துலயும் ஒட்டிப் பாக்கலாம். ஆள் கூப்பிட்டீங்கன்னா மாய்ஸ்சர் மீட்டர் வச்சு பாப்பாங்க, அப்ப மாடில நனையாத சுவத்துலயும் ஒரு ரீடிங் எடுக்கச் சொல்லுங்க, அதுதான் உங்க வீட்டோட காஞ்ச அளவு, கீழ் சுவர் அதுக்குப் பக்கத்துல வந்தாத்தான் பட்டி. கான்கிரீட்டுக்கு ஒரு இன்ச் காய சுமாரா ஒரு மாசம்னு கட்டடக்காரங்க ஒரு தோராயக் கணக்கு வச்சிருக்காங்க, 9 இன்ச் செங்கல் சுவரும் அதுக்கு அடியில இருக்கற மண்ணும் மூணு வாரத்துல எப்படிம்மா காயும்? மெஷின் போட்டா சீக்கிரம் ஆகும், போடலைன்னா பங்குனி வெயில் வரைக்கும் பொறுங்க.

முடிச்சூர்ல எங்க அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட் பார்க்கிங்ல 6 அடி தண்ணி. வெளில ரோட்டுல இன்னும் முழுசா வடியல. அசோசியேஷன்ல ரெண்டு கட்சி ஆயிட்டாங்க, ராத்திரியோட ராத்திரியா அஞ்சாறு மோட்டார் போட்டு அடிச்சிடணும்னு ஒரு கட்சி, பொறுங்கன்னு ஒரு கட்சி. எது சரி? - முடிச்சூர் வாசகர்

பொறுங்கன்னு சொன்னவங்க சொல்றதுதான் சரி. கார் உள்ள நிக்கறப்ப அவசரம் புரியுது, ஆனா 6 அடி தண்ணில நின்ன கார் ஒரு நாள் முன்ன பின்ன எடுத்தாலும் ஒண்ணுதான், சுவர் போச்சுன்னா போச்சு.

பேஸ்மென்ட்டச் சுத்தி மண்ணு பூரா தண்ணில ஊறிக் கெடக்கு, அந்த மண்ணும் தண்ணியும் சேந்து சுவர உள்பக்கமா தள்ளுது, தரையையும் அடியிலிருந்து மேல தூக்குது. இப்ப உள்ள நிக்கற தண்ணிதான் எதிர்ப்பக்கம் இருந்து அத தாங்கிட்டு இருக்கு. அத ஒரே ராத்திரில எடுத்துட்டா தாங்கறதுக்கு ஆளில்ல. கம்பி கட்டி கான்கிரீட்ல போட்ட ஆர்சிசி ரீட்டெய்னிங் வால்னா ஓரளவு தாங்கும், பழைய செங்கல் சுவர்னா வெடிப்பு விட்டு உள்ள சாஞ்ச சம்பவமெல்லாம் வெளிநாட்டுல நிறைய நடந்து, அமெரிக்க பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா இதுக்குன்னே வழிமுறை எழுதி வச்சிருக்கு. வெளில தரை மேல நிக்கற தண்ணி வடிஞ்ச பிறகுதான் ஆரம்பிக்கணும். முதல்ல ஒரு அடி மட்டும் இறைங்க, தண்ணி மட்டத்துல சுவத்துல கோடு போடுங்க, ராத்திரி அப்படியே விட்டுடுங்க. காலையில கோட்டுக்கு மேல ஏறியிருந்தா மண்ணுல இருந்து இன்னும் ஊறுது, நாள் போகட்டும். ஏறலைன்னா அன்னிக்கு ரெண்டு அடி இறைங்க, மறுபடி கோடு. மொத்தத்துல ஒரு நாளைக்கு மூணுல ஒரு பங்குக்கு மேல போகாதீங்க.

அதே காரணத்துக்காக சம்ப்ப முழுசா காலி பண்ணி கழுவ இது நேரமில்ல, சுத்தி மண்ணுல தண்ணி மட்டம் மேல இருக்கறப்ப காலித் தொட்டி மேல எழும்பி வெடிச்சிடும். வெள்ளத் தண்ணி கலந்திருந்தா அத குடிக்க குளிக்க எதுக்கும் எடுக்காம, ஊத்து அடங்கற வரைக்கும் லாரித் தண்ணிய ட்ரம்ல பிடிச்சு ஓட்டுங்க.

கணக்கும் போட்டுக்கங்க. 3000 சதுர அடி பேஸ்மென்ட்ல ஒரு அடி தண்ணின்னாலே கிட்டத்தட்ட 85,000 லிட்டர், 12,000 லிட்டர் தண்ணி லாரில ஏழு லோடு. இத பக்கத்து தெருவுல விட்டா அவங்க வீட்டுக்குள்ள போகும், அதனால எந்த வடிகால் ஓடுதுன்னு உங்க உள்ளாட்சி ஆளக் கேட்டுட்டு அங்க வரைக்கும் ஹோஸ் போடுங்க. சேறு கலந்த கடைசி அரை அடிக்கு சாதா மோட்டார் அடைச்சுக்கும், ஸ்லட்ஜ் பம்ப் வேணும்.

இன்னொண்ணு, இது உயிர் விஷயம். டீசல் இன்ஜின், பெட்ரோல் பம்ப், ஜெனரேட்டர் எதையும் பேஸ்மென்ட்டுக்குள்ள இறக்காதீங்க, ரேம்ப்ல கூட வேணாம். வெளில திறந்த வெளில வச்சு ஹோஸ மட்டும் உள்ள விடுங்க. புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது, இறங்கின ஆளு மயங்கி விழற வரைக்கும் யாருக்கும் தெரியாது. லிஃப்ட் பிட்டையும் பேனல் ரூமையும் ஈபி ஆளு வந்து சப்ளைய கட் பண்ணாம யாரும் நெருங்கக் கூடாது.

நாங்கள் ஸ்கார்பரோவில இருக்கிறம். 2024 ஜூலை 16ஆம் தேதி மழைக்கு பேஸ்மென்டில தரைக் குழாயால கழிவுத் தண்ணி மேல வந்திட்டுது. இன்சூரன்ஸ் அனுப்பின ஆக்கள் வந்து நல்லா இருந்த சுவரையும் ரெண்டு அடிக்கு வெட்டி எறிஞ்சுபோட்டு, பெரிய மெஷினுகள வச்சிட்டுப் போயிட்டினம், நாலஞ்சு நாள் ஒரே இரைச்சல். இவ்வளவும் உண்மையில தேவையோ, இல்லாட்டி பில்ல ஏத்துறதுக்கோ எண்டு எங்கட வீட்டில இப்பவும் கதை போகுது. - டொரொன்டோ வாசகர்

தேவைதாங்க. அன்னிக்கு பியர்சன் ஏர்போர்ட்ல மட்டும் 97.8 மில்லிமீட்டர் பதிவாச்சு, நகரத்து கழிவுக் குழாயே நிரம்பினா அந்தத் தண்ணி மேல வர்ற வழி தாழ்வா இருக்கற பேஸ்மென்ட் ட்ரெய்ன்தான்.

உங்க ஊர்ல இந்தத் தொழிலுக்கு எழுதி வச்ச தரமுறை இருக்கு, அதுல தண்ணிய மூணு வகையா பிரிப்பாங்க. உடைஞ்ச குடிநீர்க் குழாய்த் தண்ணி முதல் வகை, வாஷிங் மெஷின் மாதிரி அழுக்குத் தண்ணி ரெண்டாவது, கழிவும் ஆத்து வெள்ளமும் மூணாவது. மூணாவது வகை பட்டா பஞ்சு, பேப்பர் மாதிரி நல்லா உறிஞ்சற பொருள் எதையும் காய வைக்கறதே கிடையாது, எடுத்து எறியறதுதான். உங்க சுவர் செங்கல் இல்ல, ரெண்டு பக்கமும் பேப்பர் ஒட்டின ஜிப்சம் பலகை. அந்தப் பேப்பர் பூசணத்துக்கு சாப்பாடு, ஈரம் பட்டு 24லிருந்து 48 மணி நேரத்துல பூசணம் ஆரம்பிச்சிடும். வெளிய நல்லா இருக்கற மாதிரி தெரிஞ்ச சுவருக்குப் பின்னால கண்ணாடிப் பஞ்சு இன்சுலேஷன் கழிவுத் தண்ணில ஊறியிருக்கும். ஈரம் தண்ணிக் கோட்டுக்கு மேலயும் ஏறும்ங்கறதால கூட்டியே வெட்டுவாங்க, ரெண்டு அடின்னு வெட்டறதுக்கு இன்னொரு காரணம் பலகை 4 அடி அகலத்துல வர்றது, பாதியா அறுத்து திரும்ப பொருத்த சுலபம்.

வரிசையும் முக்கியம். கழிவு பட்டத வெட்டி எடுத்து, கழுவி, கிருமிநாசினி அடிச்ச பிறகுதான் ப்ளோயர் போடணும், முன்னாடியே போட்டா அழுக்க வீடு பூரா ஊதி விட்ட மாதிரி ஆயிடும். இரைச்சல் தாங்காம ராத்திரில மெஷின அணைக்கிறவங்க நிறைய பேரு, அப்படி அணைச்சா காத்துல இருந்த ஈரம் திரும்பவும் பலகைக்குப் பின்னால இருக்கற மரச்சட்டத்துக்குள்ள போகும், நாலு நாள் வேலை ஏழு நாள் ஆகும்.

பில்லு சரியான்னு பாக்கணும்னா அவங்க தினமும் எழுதின ட்ரையிங் லாக் கேளுங்க. தேதி வாரியா ஈரப்பதம், வெப்பம், மரச்சட்டத்து ரீடிங் எல்லாம் இருக்கணும், ரீடிங் 15 சதவீதம் பக்கம் இறங்கின பிறகு மெஷின எடுத்திருந்தா ஒழுங்கான ஆளுங்க. லாக்கே இல்லன்னு சொன்னா கேள்வி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அடுத்த மழைக்குள்ள, கழிவுத் தண்ணி குழாய் வழியா திரும்பி வராம தடுக்கற பேக்வாட்டர் வால்வ் போட்டுடுங்க, அதுக்கு டொரொன்டோ நகராட்சி மானியம் குடுக்குது. பாலிசில சூவர் பேக்கப், அதாவது இப்படி கழிவுத் தண்ணி மேல வர்றது, தனியா சேத்திருக்கான்னும் பாருங்க, பல பாலிசில அது தானா வராது.

2023 டிசம்பர் வெள்ளத்துல எங்க வீடு மூழ்கிச்சு. அப்ப எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டோம், தாத்தா காலத்து தேக்கு பீரோவையும் சேர்த்து. இப்ப நெனச்சா மனசு கேக்கல. எத வச்சுக்கலாம், எத எறியணும்னு எழுதுங்களேன். - காயல்பட்டினம் வாசகி

ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் கொட்டின ஊரு உங்களுது, அந்த நிலைமைல யோசிச்சு பிரிக்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

கெட்டி மரம் பிழைக்கும். தேக்கு, வேங்கை, ரோஸ்வுட் எதுவானாலும் சேத்த உடனே கழுவி, ட்ராயர் கதவெல்லாம் கழட்டி, நிழல்ல காத்தாட வைக்கணும். வெயில்ல மட்டும் போடக்கூடாது, மேல் பக்கம் சீக்கிரம் காஞ்சு சுருங்கி உள்பக்கம் ஈரமாவே இருந்தா பலகை முறுக்கிக்கும், வெடிக்கும். ட்ராயர் இறுகிப்போச்சுன்னா இழுத்து உடைக்காம பீரோவோட பின்பலகைய கழட்டி உள்ள காத்து விட்டா தானா தளர்ந்து கொடுக்கும். மரத்தூள அழுத்தி செஞ்ச பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப் இதெல்லாம் ஊதிப் பெருத்துடும், காஞ்சாலும் பழைய நிலைக்கு வராது, எறியுங்க. மாடுலர் கிச்சன் கீழ் கேபினட் பெரும்பாலும் அதுலதான் பண்ணியிருப்பாங்க. மெத்தை, தலையணை, சோபா பஞ்சு இதுல வெள்ளத் தண்ணி பட்டா யோசிக்காம எறியுங்க, எவ்வளவு விலை குடுத்திருந்தாலும். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் எல்லாம் சோப்பு போட்டு கழுவி சுடுதண்ணில போட்டு எடுத்தா போதும்.

வீட்டுப் பத்திரம், பசங்க மார்க்‌ஷீட், கல்யாண போட்டோ எல்லாம் நனைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. அயர்ன் பண்ணலாமா? - கடலூர் வாசகர்

அயர்ன் பண்ணாதீங்க, பிரிக்கவும் முயற்சி பண்ணாதீங்க. ஜிப் கவர்ல போட்டு ஃப்ரீசர்ல வைங்க. கேக்க விசித்திரமா இருக்கும், ஆனா உறைஞ்சிட்டா பூசணமும் வளராது, மையும் மேற்கொண்டு பரவாது, நிதானமா யோசிக்க உங்களுக்கு நேரம் கிடைக்கும். 1972ல அமெரிக்காவுல ஆக்னஸ் புயல் வெள்ளத்துல கார்னிங் கண்ணாடி மியூசியத்தோட நூலகம் மூழ்கினப்ப நனைஞ்ச புத்தகங்கள உறைய வச்சுத்தான் காப்பாத்தினாங்க. அப்புறம் ஒண்ணொண்ணா எடுத்து, மெதுவா இளக விட்டு, நடுவுல அச்சில்லாத டிஷ்யூ பேப்பர் வச்சு, மாத்தி மாத்தி, நேரா ஃபேன் படாம காய வைங்க. போட்டோ மட்டும் ஒட்டினபடி காயவே விடக்கூடாது, காஞ்சா பிரிக்க முடியாது, சுத்தமான தண்ணில ஊற வச்சு மெல்ல பிரிச்சு, முகம் மேல இருக்கற மாதிரி காய வைங்க. பதிவான பத்திரத்துக்கு சார்பதிவாளர் ஆபீஸ்ல சான்றிட்ட நகல் வாங்கலாம். 2015லயும் 2023லயும் சென்னை வெள்ளத்துக்கு அப்புறம் அரசாங்கமே சிறப்பு முகாம் போட்டு சான்றிதழ் நகல் குடுத்துச்சு, உங்க மாவட்டத்துல அப்படி நடக்குதான்னு தாசில்தார் ஆபீஸ்ல விசாரிங்க. போட்டோவுக்கு நகல் கிடையாது, அதனால முதல்ல அத கவனிங்க.

ப்ளீச்சிங் பவுடரோட கொஞ்சம் பாத்ரூம் ஆசிட்டும் சேத்தா கிருமி சுத்தமா போயிடும்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க. சரியா?

தயவுசெஞ்சு செய்யாதீங்க, குளோரின் வாயு கிளம்பும், மூடின பாத்ரூம்ல அது நுரையீரல நாசம் பண்ணிடும். முதல்ல சேறு ஈரமா இருக்கறப்பவே வாரி எடுக்கணும், அப்புறம் சோப்புத் தண்ணி, கழுவின பிறகு கடைசியா ப்ளீச்சிங், தனியா. சேத்து மேல தூவினா சேறே அத தின்னுடும், கிருமி அப்படியே இருக்கும். வெறுங்கால்ல இறங்காதீங்க, கால்ல புண்ணு இருந்தா எலிக் காய்ச்சல் வர வழி அதுதான், கம்பூட் போடுங்க, காய்ச்சல் அடிச்சா வெள்ளத்துல நின்னேன்னு டாக்டர்கிட்ட சொல்ல மறக்காதீங்க.

எண்ணூர்ல எங்க வீட்டுச் சுவத்துல 2023 டிசம்பர்ல வெள்ளத்தோட வந்த எண்ணெய் கறை, எத்தன பெயின்ட் அடிச்சாலும் மேல வருது. - எண்ணூர் வாசகர்

எண்ணெய் ஆவியாகி காயாது, தண்ணிக்கு செய்யற எந்த வைத்தியமும் இதுக்கு உதவாது. கறை இறங்கின ஆழம் வரைக்கும் பூச்ச கொத்தி எடுத்துட்டு புதுசா பூசறதுதான் ஒரே வழி. செங்கல்லுலயும் தெரிஞ்சா டிடர்ஜென்ட் போட்டு தேய்ச்சு, நல்லா காய விட்டு அப்புறம் பூசுங்க. கொத்தின காரைய தெருவுல கொட்டாம தனியா மூட்டை கட்டி மாநகராட்சிக்கிட்ட எண்ணெய் கழிவுன்னு சொல்லிக் குடுங்க. உங்க தப்பே இல்லாத ஒண்ணுக்கு உங்க காசு செலவாகுது, அது நியாயமே இல்ல, பில்லு எல்லாத்தையும் பத்திரமா வச்சுக்கங்க.

டீஹியூமிடிஃபயர் வாடகைக்கு எங்கயும் கிடைக்கல. ஏசி போட்டா வீடு காயுமா? - தாம்பரம் வாசகர்

காயும், ஆனா போடறதுக்கு முன்னாடி வயரிங் பாக்கணும். ப்ளக் பாயின்ட் வரைக்கும் தண்ணி வந்திருந்தா பைப்புக்குள்ள இன்னும் ஈரம் இருக்கும், எலக்ட்ரீஷியன கூப்பிட்டு, வயர்ல கரன்ட் கசியுதான்னு பாக்கற மெக்கர்ங்கற கருவி வச்சு ஒவ்வொரு சர்க்யூட்டா சோதிக்கச் சொல்லுங்க, 500 வோல்ட்ல குறைஞ்சது 1 மெகாஓம் காட்டணும். மெயின் ஆஃப்ல இருந்தாலும் இன்வெர்ட்டர் லைனுக்கு கரன்ட் குடுக்கும், அதையும் அணைச்சிட்டுத்தான் கை வைக்கணும். அவுட்டோர் யூனிட் மூழ்கியிருந்தா சர்வீஸ் ஆளு பாக்காம ஆன் பண்ணவே கூடாது.

அதெல்லாம் சரின்னா ஒரு ரூம் ஒரு ரூமா எடுத்துக்கங்க. கதவு ஜன்னல மூடி, ஏசிய ட்ரை மோட்ல வச்சு, பெடஸ்டல் ஃபேன தரையோட வச்சு சுவத்தோரமா ஓட விடுங்க. ஏசி ட்ரெய்ன் பைப்ப வெளில விடாம ஒரு வாளில விட்டு தினம் எவ்வளவு தண்ணி சேருதுன்னு காலண்டர்ல குறிச்சுட்டு வாங்க. முதல் சில நாள் நிறைய வரும், அப்புறம் குறைஞ்சுட்டே வரணும். குறையாம ஒரே அளவா வந்துட்டு இருந்தா ஜன்னல் இடுக்கு வழியா வெளி ஈரம் உள்ள வருதுன்னு அர்த்தம், டேப் போட்டு அடைங்க. அடைச்ச பிறகும் குறையலைன்னா தரைக்கு அடியில இருந்து ஊறுது, அப்ப ஏசிய நிறுத்திட்டு ஒரு சிவில் இன்ஜினியர கூப்பிட்டு காட்டுங்க.